வெறும் பால் ஜெலாட்டோ

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் நான்காம் தேதி, திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது, ஆயினும் வெப்பம் குறையவில்லை. இரண்டு உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே கல் பாவிய வெளியில், வந்த வழி தெரிந்தும் போகும் வழி தெரியாத காற்று, ஒரு காகிதக் குவளையை வட்டமாக உருட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் மாடியிலிருந்து இறங்கி வந்த ஆவணச் சரிபார்ப்பாளர், வரிசையில் பதினான்காவது ஆளாக நின்றார். வரிசையின் முனையில், அன்று காலை பதினொரு மணிக்குத் திறந்த, ஜெலாட்டோ என்னும் இத்தாலிய ஐஸ்கிரீம் கடை இருந்தது. பலகையில் கியோஸ்க் என்று போட்டிருந்தார்கள். பார்வைக்கு, கண்ணாடியும் பந்தலும் வைத்த பெட்டிக்கடைதான். உள்ளே வெள்ளைத் தொப்பி அணிந்து தட்டைக் கரண்டியோடு நின்றவள் அவருடைய மனைவி. அதைச் சொல்லிக்கொண்டு முன்னால் போயிருக்கலாம். வரிசை என்றால் வரிசை என்பது அவருடைய கொள்கை, அவளும் கூப்பிடவில்லை.

கப்பலேறும் சரக்குகளின் காப்பீட்டுத் தாள்களை ஒன்றோடொன்று ஒத்துப்பார்ப்பது அவருடைய வேலை. ஒரு தாளில் நாற்பது பெட்டி என்றும் மற்றொன்றில் நாற்பது பொதி என்றும் இருந்தால், கப்பல் போனாலும் போகும், அவர் கையெழுத்துப் போகாது. பத்தொன்பது ஆண்டுகளாக இதையே செய்துவந்தார். எதைக் கேட்டாலும் சற்று நிறுத்தியே விடை சொல்வார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். பிழையில்லாத தாளுக்கு அங்கே சொல் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு மட்டும். சொற்கள் யாவும் பிழைகளுக்கே செலவாயின.

அவள் எட்டு மணி நேர ரயில் தூரத்தில், வேறொரு நகரத்தில், ஜெலாட்டோ தயாரிக்கும் கூடத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தாள். மகளும் அவளோடு இருந்தாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு இவர் போவார், அல்லது அவர்கள் வருவார்கள். மற்ற நாள்களில், மாலை ஏழரை மணிக்குத் தொலைபேசி. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பேசிய பேச்சை எழுதிவைத்திருந்தால் ஓர் அலமாரி போதாது. பாலைச் சுடவைத்து உடனே குளிரவைப்பது, ஓரிரவு ஆறவிடுவது, காற்றுப் புகாதபடி மெதுவாகக் கடைவது, மேற்பார்வையாளர் தும்மியதால் ஒரு தொட்டி வீணானது என்று எல்லாம் சொல்வாள். "பிஸ்தா, சாக்லேட்டெல்லாம் யார் வேணா பண்ணிடலாங்க. வெறும் பால்லதான் கை தெரியும். ஒளிச்சுக்க ஒண்ணுமே இல்லாத சரக்கு அது," என்பாள். இவரும் பேசுவார். தூணோடு பேசினாலும் பதில் வரும், இவரோடு பேசினால் வராது என்று பெயரெடுத்தவர், தொலைபேசியில் சிரிப்பார், பாடுவார்கூட.

ஆனால் அவள் செய்த ஜெலாட்டோவை அவர் உண்டதேயில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடம் பூட்டியிருக்கும். ஒருமுறை பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தாள். வந்து சேர்ந்தது இனித்த பால். அதையும் இருவரும் குடித்துவிட்டுச் சிரித்தார்கள். இப்போது அவளுடைய நிறுவனம் இந்த அலுவலக வட்டாரத்தில் ஒரு கடை திறக்கிறது என்றதும், கேட்டு, சண்டையிட்டு, அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டு மகளோடு வந்துவிட்டாள். மகளுக்குப் பள்ளிக்கூடமும் மாற்றியாயிற்று.

பதினான்காவது ஆள் முதல் ஆளானார்.

"என்ன வேணும்?" என்றாள் அவள். வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்விதான்; கண் மட்டும் வேறு.

"வெறும் பால்."

அவள் மூடியைத் திறந்து, கரண்டியால் இரண்டு முறை அழுத்திப் பிசைந்து, வழுவழுப்பாக்கி, குவளையின் விளிம்புக்குமேல் ஓர் இலைபோல் மடித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்காமல் நின்றாள்.

அவர் ஓரமாக நகர்ந்து ஒரு கரண்டி உண்டார். இன்னொரு கரண்டி. மூன்றாவதை நாக்கில் சற்று நிறுத்தினார். ஒன்பது ஆண்டுகள் காதால் உண்ட பண்டம் அது. ஏதோ சொல்லியாகவேண்டும் என்று தோன்றியது. பழகிய வழியில் சொல் வந்தது.

"நடுவுல நல்லா இருக்கு. ஓரத்துல எடுத்தது மணல் மாதிரி நெறுநெறுன்னு படுது. இனிப்பு ஒரு இழை கூட."

அவள் கரண்டியைத் தண்ணீரில் அலசினாள். "சரி," என்றாள். "அடுத்து யாருங்க?"

மறுநாள் குளிர்சாதனப் பொறியாளர் வந்து பார்த்தார். ஓரத்துக் குழாய் அளவுக்குமேல் குளிர்ந்ததால் பால் பொடிப்பொடியாக உறைந்திருந்தது. சரிசெய்தார்கள். இனிப்பையும் குறைத்தார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. பிழை இருந்திருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள்.

அன்று முதல் வீட்டில் பேச்சு மிகச் சுருங்கியது. "கேஸ் தீர்ந்துபோச்சு." "சொல்லிடறேன்." "சட்டை இஸ்திரிக்குப் போட்டாச்சு." "ம்." பகையில்லை, முகம் திருப்பலும் இல்லை. தட்டில் இரண்டாவது முறை சோறு கேட்காமலே வந்தது. எட்டு மணி நேரத் தொலைவில் இருந்தபோது அவள் மூச்சுவிடுவதைக்கூட அறிந்திருந்தவருக்கு, எட்டடித் தொலைவில் அவள் துணி மடிக்கும்போது என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை.

புதன்கிழமை அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். பகல் உணவுக்குப் பின் கடையின் பின்புறத் தூணருகே நின்றால், அவள் வாடிக்கையாளர்களோடு பேசுவது தெளிவாகக் கேட்டது.

"என்னம்மா, பிஸ்தான்னு போட்டிருக்கு, மண்ணு கலர்ல இருக்கு?"

"நெஜ பிஸ்தா அப்படித்தான் சார் இருக்கும். பச்சையா வேணும்னா பெயின்ட் கடையிலதான் கேக்கணும்."

"ரெண்டு கரண்டி ருசி பாத்துட்டு வாங்கலாமா?"

"தாராளமா. நாலு கரண்டி பாத்துட்டு வாங்காமப் போறவங்களும் இருக்காங்க. நேத்து ஒருத்தர் எட்டும் பாத்துட்டு, சளி பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போனார்."

கூட்டம் சிரித்தது. அதே குரல். மாலை ஏழரைக்கு வரும் குரல். தொடக்கத்தில் சற்றுத் தணிந்து, முடிவில் ஒரு படி ஏறி நிற்கும் குரல். ஒரு குவளை கேட்பவர் எவருக்கும் அது கிடைத்தது. அவர் தூணுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டார், வியாழக்கிழமையும் கேட்டார், வெள்ளிக்கிழமையும்.

வெள்ளியன்று கட்டடக் காவலாளி அருகில் வந்தார். "சார், தினமும் இந்தத் தூணுக்குக் காவலா? அதுக்குத்தான என்னைச் சம்பளம் குடுத்து வெச்சிருக்காங்க?"

"காத்து வாங்கறேன்."

"இங்க ஏது சார் காத்து! ஐஸ்கிரீம் வேணும்னா போய் வாங்கிக்குங்க. அந்த அம்மா நல்லாப் பேசுவாங்க, பயப்படாதீங்க."

அவர் லிஃப்டை நோக்கி நடந்தார். மேலே மேசையில் ஓர் உறை கிடந்தது.

அலுவலகம் துறைமுக நகரத்துக்கு மாறுகிறது. கப்பல் இருக்கும் இடத்தில் தாளும் இருக்கவேண்டும் என்று மேலிடம் முடிவுசெய்துவிட்டது. வருகிறவர்கள் படிவத்தில் உள்ள முதல் கட்டத்தில் கையெழுத்திடலாம். வராதவர்கள் இரண்டாம் கட்டத்தில் கையெழுத்திட்டு, மாத இறுதியோடு பணியிலிருந்து விலகலாம். மார்ச் பதினைந்து, மாலை ஐந்து மணிக்குள் தரவேண்டும். தந்தபின் மாற்ற இயலாது. இவருக்கு மட்டும் தனியாக ஒரு தாள் இணைத்திருந்தார்கள்: துறைமுகத்தில் சரிபார்ப்புப் பிரிவுக்குத் தலைவர். இங்கிருந்து ரயிலில் பதினொரு மணி நேரம்.

எதிர்மேசைக்காரர் அப்போதே முதல் கட்டத்தில் கையெழுத்திட்டுவிட்டார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? டி.வி. வந்தாப் போதும், எங்க வேணா வரேன்னுட்டா என் பொண்டாட்டி. நான் வரணுமான்னு கேக்கக்கூட இல்ல," என்றவர், குரலைத் தணித்து, "உங்களுக்கு என்னய்யா கஷ்டம்? ஒம்பது வருஷம் தனியா இருந்து பழகினவர்தான. மறுபடியும் ஒரு ஃபோன் வாங்கிக்குங்க," என்றார்.

விளையாட்டாகச் சொன்னதுதான். இவருக்கு அது விளையாட்டாகப் படவில்லை. தொலைபேசி என்றதும் நெஞ்சில் ஒன்று நகர்ந்தது. அது ஆசை என்று அறிந்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. போய்விட்டால், மாலை ஏழரைக்கு அந்தக் குரல் மறுபடியும் அவருக்கு மட்டும் வரும். பத்தொன்பது ஆண்டு வேலையும் போகாது. வீட்டிலுள்ள மனைவிதான் போவாள். அவள் இப்போது வீட்டில் இருக்கிறாளா என்பதே கேள்வி.

உறையைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. அலுவலகம் இல்லாத நாளில் அந்த வட்டாரத்தில் ஈ காக்கை இராது. மூவரும் ஒரே மேசையில் பகலுணவு உண்டார்கள். சன்னலுக்கு வெளியே வெயில் சுவரை உரித்துக்கொண்டிருந்தது. குழம்பு ஊற்றும் ஓசை, தண்ணீர் ஊற்றும் ஓசை, நாற்காலி நகரும் ஓசை. பதினான்கு வயது மகள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே உண்டாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நீங்க மொட்டை மாடிக்குப் போய் அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு கால் பண்ணுங்களேன். போர் அடிக்குது."

"வாயை மூடிட்டுச் சாப்பிடு," என்றாள் தாய்.

"வாயை மூடிட்டு எப்படிம்மா சாப்பிடறது? நீங்க ரெண்டு பேரும் பண்றீங்களே, அது மாதிரியா?" மகள் அப்பளத்தை உடைத்தாள். "அங்க இருந்தப்ப, அப்பா ஃபோன்னா அம்மா சமையல்கட்டுக் கதவைச் சாத்திப்பாங்க. உள்ள ஒரே சிரிப்பு. நான் வெளிய நின்னு, யாரு இந்த அப்பா, சூப்பரா இருப்பாரு போலிருக்கேன்னு நெனச்சுப்பேன். இங்க வந்து பாத்தா வேற ஆளா இருக்கீங்க."

சிரிப்பாகத்தான் சொல்லத் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மனைவி மோர்ப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ஊற்றிக்கொண்டார். உறையைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல வேளை வாய்க்காது என்று அறிந்திருந்தார். மோர் குடித்து முடித்தார். "உப்பு சரியா இருக்கு," என்றார். அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். சிரிப்பு வரப்பார்த்து, வராமல் போயிற்று.

அடுத்த நான்கு நாள்களும் உறை பையிலேயே இருந்தது. அவர் அதை எடுத்துப் படிப்பார். அதில் பிழை தேடுவார். இரண்டாம் பத்தியில் ஒரு தேதியும் நான்காம் பத்தியில் ஒரு தேதியும் முரண்படும் என்று நம்பினார். முரண்படவில்லை. அலுவலகம் அனுப்பிய தாள்களிலேயே குற்றமற்ற ஒரே தாள் அதுவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வானம் இருண்டு, பெய்யாமல் நின்றது. ஒன்பதாம் மாடிச் சன்னலிலிருந்து பார்த்தால் கடையின் பந்தல்தான் தெரியும். பந்தலுக்குக் கீழே, மேடைமீது இரண்டு கைகள். முகம் தெரியாது. கைகள் மூடிகளைத் துடைத்தன. ஒன்றைத் துடைத்து, வைத்து, மறுபடியும் அதையே துடைத்தன. வரிசை இல்லை.

அவர் தொலைபேசியை எடுத்து அழைத்தார். கைகள் நின்றன. ஒன்று மறைந்தது.

"சொல்லுங்க," என்றாள்.

அவர் நிறுத்தினார். அவள் காத்திருந்தாள். தொலைபேசியில் அந்த நிறுத்தம் அவளுக்குப் பழக்கமானது.

"ஆபீஸ் துறைமுகத்துக்குப் போகுது."

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்க எதிர்மேசைக்காரர் போன வெள்ளிக்கிழமையே வந்து சாக்லேட் ரெண்டு கோன் வாங்கினார். ஒண்ணுக்கு ஒரு சேதி. நீங்க தலைவராமே?"

"ஒரு வாரமா ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை மோர் குடிச்சிட்டுச் சொல்லப்போறீங்கன்னு நெனச்சேன். உப்பைப் பத்திச் சொன்னீங்க."

அவர் சிரித்துவிட்டார். மறுமுனையிலும் மூச்சுச் சிரிப்பாகப் பிரிந்தது. சன்னலுக்குக் கீழே மேடையில் மீதியிருந்த கை, துணியைக் கசக்கி விரித்தது.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. முதல் நாள்ல," என்றார்.

"நீங்க சொன்னது சரிதானே. பொறியாளரே வந்து சொன்னாரு."

"சரிதான். ஆனா நான் அதைச் சொல்ல வரல. நான் இத்தனை வருஷமா கேட்ட ஜெலாட்டோ அது இல்ல. அதுதான் எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"நீங்க கேட்டது வாயால பண்ணினதுங்க. அதுல மணல் படாது. இது கையால பண்றது. தினமும் ஒரு மாதிரி வரும்... ஒரு நிமிஷம். வாங்க சார், என்ன வேணும்? எலுமிச்சையா? கப்பா, கோனா?" இரு கைகளும் திரும்பி வந்தன, மூடி திறந்தது, கரண்டி இறங்கி ஏறியது. தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருக்கவேண்டும். கரண்டி உரசும் ஓசை கேட்டது. வந்தவர் போனார். "ம், சொல்லுங்க."

"உண்மையச் சொல்லட்டுமா?"

"இது வரைக்கும் என்ன சொன்னீங்களாம்?"

"போயிடலாம்னு தோணுது. வேலைக்காக மட்டும் இல்ல. போனா நீ பேசுவ. இப்படி. வீட்டுல நீ பேசறதே இல்ல. நான் தெனமும் தூணுக்குப் பின்னால நின்னு, நீ மத்தவங்ககிட்டப் பேசறதைக் கேட்டுட்டிருக்கேன்."

"அதுவும் தெரியும். உங்க செருப்பு தெரியும் தூணுக்கு இந்தப் பக்கம்."

அவர் குனிந்து தம் செருப்பைப் பார்த்தார்.

"நீங்க கேக்கறீங்கன்னுதான் கொஞ்சம் சத்தமாப் பேசினேன்," என்றாள் அவள். "எட்டு கரண்டி ருசி பாத்தவர்னு ஒருத்தர் வரவே இல்ல."

அவர் சன்னலின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். அது குளிர்ந்திருந்தது.

"இங்க பாருங்க," என்றாள். குரல் தணிந்தது. "நான் இருங்கன்னு சொல்ல மாட்டேன். சொன்னா, நாளைக்கு வேலை இல்லாம நீங்க சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கறப்ப என் தலையில வந்து விழும். போங்கன்னும் சொல்ல மாட்டேன். என்னைப் பத்தி மட்டும் சொல்றேன், கேட்டுக்குங்க. நல்லாப் பேசற ஆளு எனக்கு ஒம்பது வருஷம் இருந்தாரு. நான் அங்க சண்டை போட்டுட்டு வந்தது பேசறதுக்கு இல்ல. நான் துணி மடிக்கறப்ப பக்கத்துல ஒரு ஆளு சும்மா உக்காந்திருக்கணும். பேசாமலே. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா, இன்னொரு மூச்சு கேக்கணும். இந்த ரெண்டு வாரமா அது கெடைக்குது. நீங்க அதைச் சண்டைன்னு நெனச்சிட்டீங்க."

"சண்டை இல்லையா?"

"ரெண்டு நாள் சண்டைதான். மணல்னு சொன்னா கோவம் வராதா? அப்புறம் போயிடுச்சு. நீங்கதான் கவனிக்கல."

அவர் கீழே பார்த்தார். ஒரு கை மேடைமீது, துணியை விட்டுவிட்டு, வெறுமனே கிடந்தது. ஒன்பது ஆண்டுகளில் தொலைபேசியில் இத்தனை நேரம் அவர்கள் சும்மா இருந்ததில்லை.

"இந்த வேலைய விட்டா எனக்கு என்ன தெரியும்?" என்றார் கடைசியில்.

"எனக்கும் தெரியலங்க. பயமாத்தான் இருக்கு."

"நீ நல்லதா ஏதாச்சும் சொல்லுவன்னு நெனச்சேன்."

"நல்லதா சொல்லணும்னா நீங்க துறைமுகத்துலேந்து கேக்கணும்." அவள் மூக்கை உறிஞ்சிய ஓசை கேட்டது. "கூட்டம் வருது. வெச்சிடறேன்."

கூட்டம் எதுவும் வரவில்லை. அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கை சற்று நேரம் மறைந்திருந்து, திரும்பி வந்து, துடைத்த மூடியை மறுபடியும் எடுத்தது.

அவர் மேசைக்கு வந்து அமர்ந்தார். பத்தொன்பது ஆண்டுகளில் அந்த மேசையின் விளிம்பில் அவர் முழங்கை பட்ட இடம் மெருகேறி, மரத்தின் கோடு அழிந்திருந்தது. ஆய்வுக்கு வந்திருந்த கடைசித் தாளை எடுத்து ஒத்துப்பார்த்தார். நூற்றுப்பன்னிரண்டு பெட்டி, இரண்டிலும் நூற்றுப்பன்னிரண்டு. ஓரத்தில் கோடிட்டு, அடுக்கில் வைத்தார். பிறகு உறையிலிருந்த தாளை எடுத்தார். பேனாவைச் சற்றுநேரம் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்திட்டு, தேதி போட்டார். மை காயும்வரை காத்திருந்தார்.

எதிர்மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஐயா, நீங்க கட்டம் மாறிப் போட்டுட்டீங்க!"

"இல்ல."

"சரியாப் பாருங்க. கீழ் கட்டம் அது."

"பாத்துட்டேன்."



நிர்வாக அதிகாரியின் அறைக்கு அவர் போனபோது மணி நான்கு ஐம்பத்திரண்டு. வெளியே மழை தொடங்கியிருந்தது. அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளை நோக்கினார், அவரையும் நோக்கினார்.

"தலைவர் பதவின்னு தாள் வெச்சிருந்தேனே, பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது. எட்டு நிமிஷம் இருக்கு. வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"வேண்டாம் மேடம்."

"கீழ காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. எதுவுமே எழுதல. நீங்க எழுதாம விட்ட கட்டத்தை நான் பாத்ததே இல்ல."

அவர் நிறுத்தினார். மழை சன்னலில் விழுந்தது. அந்த ஓசை கொஞ்சம் தொலைபேசியில் யாரோ பேசப்போவது போலிருந்தது, யாரும் பேசவில்லை.

"எழுதற மாதிரி ஒண்ணும் இல்ல மேடம்," என்றார்.

அதிகாரி கையை நீட்டினார். அவர் தாளை மேசைக்கு மேலே நீட்டினார். மறுமுனையை அதிகாரி பற்றிக்கொண்ட பின்னும் இவருடைய இரண்டு விரல்கள் அதிலேயே இருந்தன, பிறகு விட்டார்.